கீழ் நம்பரை யாரும் பாக்கல: ஒழுகுற அயோர்ட்டிக் வால்வு பத்தி கொஞ்சம் விளக்கமா

எங்க அக்காவுக்கு பிபி 150க்கு 40. ரங்கூன் டவுன்ல எங்க தெருவுக்குப் பக்கத்துல ஒரு மருந்துக்கடையில மெஷினைக் கட்டிப் பாத்துட்டு கடைக்காரர் சொன்னது "150 இருக்கு, பிரஷர் ஏறிக்கிடக்கு", அவ்வளவுதான், ஒரு அட்டை அட்டெனலால் எடுத்துக் குடுத்துட்டாரு. அந்த 40ஐ அவரும் பாக்கல, அக்காவும் பாக்கல, பக்கத்துல நின்ன நானும் பாக்கல. கீழ் நம்பர் கொறைஞ்சா நல்லதுதானேன்னுதான் நெனச்சோம். சாதாரணமா மேல உள்ளதுக்கும் கீழ உள்ளதுக்கும் நடுவுல ஒரு 40 வித்தியாசம் இருக்கும், 120க்கு 80 மாதிரி. அக்காவுக்கு வித்தியாசம் 110. அது பிரஷர் வியாதியே இல்ல, ஒழுகுற வால்வு. இது எங்களுக்குத் தெரிய இன்னும் எட்டு மாசம் ஆச்சு.

இந்த வியாதியைப் பத்தி தமிழ்ல தேடுனா "மூச்சு வாங்கினா டாக்டரைப் பாருங்க"ன்னு ரெண்டு வரிதான் வருது, அதுலதான் பிரச்சனையே இருக்கு, ஏன்னா மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போது பாதி வேளை கடந்து போயிருக்கும். அதனால நான் படிச்சது, டாக்டருங்ககிட்ட கேட்டது, அக்காவோட சேந்து அலைஞ்சதுல புரிஞ்சது எல்லாத்தையும் இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுட்டுப் படிங்க.

மோட்டர் பம்பு வச்சிருக்கறவங்களுக்கு ஃபுட் வால்வுன்னா என்னன்னு சொல்லவே வேணாம். ஏத்துன தண்ணி திரும்பக் கிணத்துக்கே எறங்காம புடிச்சு வைக்கிற கதவு. அயோர்ட்டிக் வால்வும் அதே வேலைதான். இதயத்தோட இடது கீழ் அறைதான் உடம்பு பூரா ரத்தம் அனுப்புற அறை, அதுக்கும் அயோர்ட்டாங்கிற பெரிய ரத்தக்குழாய்க்கும் நடுவுல மூணு இதழ் வச்ச கதவா இது இருக்கு. அறை சுருங்குனா தெறக்கும், விரிஞ்சா மூடும், ஒரு நாளைக்குச் சுமாரா 1 லட்சம் தடவை. பர்மாக்காரங்க வால்வை அசோஷின்னு சொல்வாங்க, அடைப்பானைச் சொல்ற வார்த்தையிலருந்து வந்தது, எனக்கு அந்தப் பேரு ரொம்பப் புடிச்சுப் போச்சு, ஏன்னா அடைக்கிறதுதான் இதோட வேலையே.

இது சரியா அடைக்கலன்னா என்ன ஆகும்னு கணக்காப் பாத்தாத்தான் புரியும். ஒவ்வொரு துடிப்புக்கும் உடம்புக்கு ஒரு 70 மில்லி ரத்தம் போகணும்னு வைங்க. அனுப்புனதுல பாதி திரும்பி வந்துடுதுன்னா, உடம்புக்கு அந்த 70 போய்ச் சேர அறை 140 மில்லி தள்ளணும், 70 போகும் 70 திரும்பும். ஒரு துடிப்புக்கு 60 மில்லியோ அதுக்கு மேலயோ திரும்புனா, இல்ல தள்ளுனதுல பாதியோ அதுக்கு மேலயோ திரும்புனா, அதைக் கடுமையான லீக்னு எழுதுவாங்க. அதாவது ரெண்டு ஆளு வேலைய ஒரு ஆளு செய்யணும், அதுவும் ராத்திரி பகல் லீவு இல்லாம.

இதயம் இந்த வேலையச் செஞ்சிடுது, அதுதான் ஆச்சரியம். அறை கொஞ்சம் கொஞ்சமா பெருசாகும், சுவரு தடிக்கும், பத்து வருஷம் இருபது வருஷம்கூட ஒண்ணும் தெரியாம ஓடும். எல்லா வால்வு வியாதிலயும் இதுலதான் இதயம் ரொம்பப் பெருசாகும், அந்தக் காலத்து டாக்டருங்க இத மாட்டு இதயம்னே லத்தீன்ல பேரு வச்சிருக்காங்க. ஆனா பாவாடை எலாஸ்டிக் மாதிரிதான், இழுத்து இழுத்து ஒரு கட்டத்துக்கு மேல திரும்பிச் சுருங்க மாட்டேங்கும். அந்தக் கட்டம் வர்றதுக்கு முன்னாடி கதவை மாத்துனா அறை பழைய சைஸுக்கு ஓரளவு வந்துடும், வந்த பிறகு மாத்துனா கதவு புதுசா இருக்கும், அறை நைஞ்சதாவே கெடக்கும்.

அந்தக் கீழ் நம்பர் கதைக்கு வர்றேன். மேல் நம்பர் இதயம் தள்ளும்போது இருக்கற அழுத்தம், அறை 140 மில்லிய ஒரே தள்ளா தள்ளுறதால அது ஏறுது. கீழ் நம்பர் இதயம் ஓய்வு எடுக்கும்போது குழாய்ல மிச்சம் இருக்கற அழுத்தம், கதவு ஓட்டையா இருந்தா ரத்தம் முன்னாலயும் போகுது பின்னாலயும் போகுது, அழுத்தம் நிக்காது, சர்ருனு எறங்கிடும். இன்னொரு கெடுதலும் இதுல இருக்கு. இதயத்தோட சொந்தத் தசைக்கு ரத்தம் போறது பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்துலதான், அந்த நேரத்துல அழுத்தமே இல்லன்னா தசைக்குப் பட்டினி, அதனால அடைப்பு ஒண்ணும் இல்லாமலே சில பேருக்கு நெஞ்சு வலி வரும், ராத்திரி படுத்திருக்கும்போதுகூட வரும்.

இதுல அட்டெனலால் மாதிரி மாத்திரை என்ன பண்ணும்னா துடிப்பை மெதுவாக்கும். துடிப்பு மெதுவானா ரெண்டு துடிப்புக்கு நடுவுல இருக்கற ஓய்வு நேரம் நீளும், ஓய்வு நேரத்துலதானே கதவு ஒழுகுது, அப்ப ஒவ்வொரு துடிப்புக்கும் ஒழுக்கு இன்னும் கூடும். அயோர்ட்டா வீங்கி இருக்கற சில பேருக்கு, மார்ஃபன்னு ஒரு பிறவி வியாதி இருக்கறவங்களுக்கு, டாக்டர் யோசிச்சுத்தான் இதே குடும்பத்து மாத்திரையக் குடுப்பாங்க, அது வேற கணக்கு. மேல் நம்பரை மட்டும் பாத்துக் குடுத்ததுதான் தப்பு. அதைப் போட்ட ரெண்டு மாசத்துல அக்காவுக்கு கால் கனக்குது, அசதியா இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சுச்சு.

சரி, எப்புடிக் கண்டுபிடிச்சோம்? உண்மையச் சொன்னா ஜிமிக்கிலதான். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போயிடுச்சு, மெழுகுவத்தி ஏத்தி வச்சிட்டு அக்கா சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்துச்சு, கன்னத்துல பூசுன தனாக்கா, இங்க சந்தனம் மாதிரி அரைச்சுப் பூசுற மரப்பட்டை, காஞ்சுபோயிருந்துச்சு, வாய் பேசல, கை அசையல, ஆனா காதுல கெடந்த ஜிமிக்கி மட்டும் லேசா ஆடிக்கிட்டே இருந்துச்சு. காத்து இல்ல, ஃபேன் இல்ல. "ஏன்க்கா தலைய ஆட்டுற"ன்னு கேட்டேன், "நான் எங்கடா ஆட்டுறேன்"னு கேட்டுச்சு. கழுத்தைப் பாத்தா ரெண்டு பக்கமும் குதி குதின்னு குதிக்குது. அந்தத் துடிப்புக்கும் ஜிமிக்கி ஆட்டத்துக்கும் தாளம் தப்பல.

இதுக்கு டாக்டருங்க டி முஸே அடையாளம்னு பேரு வச்சிருக்காங்க, 1857ல இறந்துபோன ஒரு பிரெஞ்சுக் கவிஞருக்கு இப்புடித் தலை ஆடுமாம், அவரு பேருதான். இந்த வியாதிக்கு அடையாளப் பேரு மட்டும் ஒரு மூட்டை இருக்கு. நகத்தை லேசா அழுத்திப் புடிச்சா செவப்பும் வெளுப்பும் மாறி மாறித் துடிக்கும், அது குவிங்கே. மணிக்கட்டைப் புடிச்சு கையத் தூக்கினா நாடி படார்னு அடிச்சு உடனே விழுந்துடும், டப்ளின்ல இருந்த காரிகன்ங்கிற டாக்டர் 1832லயே இந்த வியாதிய விவரமா எழுதியிருக்காரு, நாடிக்கு அவரு பேருதான். எக்கோ மெஷின் இல்லாத காலத்துல கண்ணு, கை, காது இத வச்சே புடிச்சிருக்காங்க. இதெல்லாம் நாள்பட்ட, பெரிய லீக்லதான் தெரியும், இல்லன்னா லீக் இல்லன்னு அர்த்தம் கிடையாது.

ஸ்டெத்தஸ்கோப்புல கேக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு, இத ஏன் சொல்றேன்னா படுக்க வச்சு ரெண்டு செகண்டு வச்சுப் பாத்தா இந்தச் சத்தம் தப்பிச்சிடும். நோயாளி உக்காந்து முன்னாடி குனியணும், மூச்சை முழுசா வெளிய விட்டுட்டு அடக்கிக்கணும், டாக்டர் நெஞ்செலும்புக்கு இடது ஓரமா ஸ்டெத்தை அழுத்தி வைக்கணும். லப் டப்ல அந்த டப்புக்கு அடுத்து ஊதுற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் வந்து தேஞ்சு போகும். எங்களைப் பாத்த இதய டாக்டர் ஒரு பர்மாக்கார சயாமா, பொம்பள டாக்டரை இங்க அப்புடித்தான் கூப்பிடுவாங்க, அவங்க இப்புடித்தான் கேட்டாங்க, கேட்டுட்டு ஒரு கேள்வி கேட்டாங்க, அந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் மறக்கல.

"மூச்சு வாங்குதா"ன்னு கேக்கல. அத ஏற்கனவே எல்லாரும் கேட்டாச்சு, அக்கா இல்லன்னு சொல்லியாச்சு. "இந்த வாரம் எத்தனை தடவை கீழ எறங்கி ஏறுனீங்க"ன்னு கேட்டாங்க. அக்கா என்னத் திரும்பிப் பாத்துச்சு.

ரங்கூன் டவுன் வீடு தெரிஞ்சவங்களுக்குப் புரியும். அஞ்சு மாடி ஆறு மாடி, லிஃப்ட் கிடையாது, செங்குத்தா இருட்டா ஒரு படிக்கட்டு. அதனால எல்லா வீட்டு பால்கனிலருந்தும் ஒரு கயிறு தொங்கும், நுனில கிளிப்போ பையோ கட்டியிருக்கும், பேப்பர்காரன், மொஹிங்காங்கற மீன்குழம்பு நூடுல்ஸ் விக்கிற அம்மா எல்லாரும் அதுல மாட்டி விடுவாங்க, மேல இருந்து இழுத்துக்கலாம். எங்க வீடு அஞ்சாவது மாடி. அக்கா முன்னெல்லாம் காலைல மார்க்கெட்டுக்கு தானே போகும், ரெண்டு கையிலயும் பையத் தூக்கிட்டு ஏறும். அப்புறம் காய்கறிக்காரிகிட்ட கயிறு வழியா வாங்க ஆரம்பிச்சுச்சு. அப்புறம் மீனு. அப்புறம் நானும் புள்ளைங்களும் வாங்கிட்டு வந்தோம். 1871ல நம்ம ஆளுங்க கட்டுன காளி கோயிலுக்கு வாரா வாரம் நடந்து போகும், அந்த நவராத்திரிக்கு "கூட்டமா இருக்கும், நீங்க போங்க"ன்னுடுச்சு. மூச்சு வாங்கலதான், மூச்சு வாங்குற எந்த வேலையையும் அது செய்யாம ஒதுங்கிக்கிச்சு, தனக்கே தெரியாம. வியாதிக்குத் தக்கன வாழ்க்கை சுருங்கிப் போச்சு, சுருங்குனது மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமாங்கறதால யாருக்கும் தெரியல.

அதனால அறிகுறி இருக்கான்னு கேக்குறத விட போன வருஷம் செஞ்ச எந்த வேலைய இந்த வருஷம் விட்டுட்டீங்கன்னு கேட்டுப் பாருங்க. சந்தேகம் இருந்தா டிரெட்மில்ல நடக்க வச்சும் டாக்டருங்க பாப்பாங்க.

அடுத்தது எக்கோ. ஒலி அலைய வச்சு இதயத்தைப் பாக்குற முறை, 1953ல ஸ்வீடன்ல எட்லர், ஹெர்ட்ஸ்னு ரெண்டு பேரு ஆரம்பிச்சது, வலி கெடையாது, கதிர்வீச்சு கெடையாது, ஜெல்லு தடவும்போது குளிரும் அவ்வளவுதான். இசிஜி, எக்ஸ்ரே எல்லாம் எடுப்பாங்க, அதுல இதயம் பெருசா இருக்குன்னு தெரியலாம், ஆனா லீக் எவ்வளவு, ஏன், அறை தாங்குதா இல்லையான்னு சொல்றது எக்கோதான்.

ரிப்போர்ட்ட வாங்குனதும் எல்லாரும் கடைசி வரியில லேசா, நடுத்தரமா, கடுமையான்னு மட்டும் பாத்துட்டு மடிச்சு வச்சிடுறோம். நானும் அப்புடித்தான். நெசமாப் பாக்க வேண்டியது மூணு. ஒண்ணு கதவு ஏன் ஒழுகுதுங்கறது. ரெண்டு ஈஎஃப், அறைக்குள்ள இருக்கற ரத்தத்துல எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்புல வெளிய தள்ளுதுங்கற கணக்கு. மூணாவது அறை முழுசா சுருங்கி நிக்கும்போது அதோட குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர்ங்கறது, இதத்தான் நான் ரொம்ப முக்கியம்னு நெனைக்கிறேன், இதத்தான் யாரும் சொல்லித் தர்றதும் இல்ல. நல்லா வேலை செய்யற அறை சுருங்குனா சின்னதாயிடும். சுருங்கியும் பெருசாவே நிக்குதுன்னா எலாஸ்டிக் தளர ஆரம்பிச்சிடுச்சு.

எப்ப ஆபரேஷன்ங்கறதுக்கு உலகம் பூரா டாக்டருங்க வச்சிருக்கற கோடு சுமாரா இதுதான்: லீக் கடுமையா இருந்து அறிகுறி வந்துட்டா பேச்சே இல்ல, மாத்தணும். அறிகுறி இல்லன்னா, ஈஎஃப் 55க்கோ அதுக்குக் கீழயோ எறங்குனா மாத்தணும்னு 2020 அமெரிக்க வழிமுறை சொல்லுது, 2021ல வந்த ஐரோப்பா வழிமுறை 50ஐ கோடா வச்சு, 55லயே யோசிக்கலாம்ங்குது. சுருங்குன நேரத்துக் குறுக்களவு 50 மில்லிமீட்டரைத் தாண்டுனாலும் மாத்தணும்.

இந்த 50லதான் நம்ம ஆளுங்க, குறிப்பா பொம்பளைங்க, மாட்டிக்கிறாங்க. 50 மில்லிமீட்டர் பெரிய உடம்புக்குப் போட்ட கணக்கு. அதனாலதான் அதே வழிமுறையில உடம்பு பரப்பால வகுத்துப் பாருன்னு இன்னொரு கோடும் இருக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 25 மில்லிமீட்டர். அக்கா உயரம் 148 சென்டிமீட்டர், எடை 46 கிலோ. உயரத்தையும் எடையையும் பெருக்கி 3600ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா உடம்பு பரப்பு வரும், அக்காவுக்கு சுமார் 1.37 சதுர மீட்டர். அப்ப அதுக்கு கோடு 50 இல்ல, 34 மில்லிமீட்டர் கிட்டயே வந்துடுது. ஒரு வாட்டசாட்டமான ஆளுக்கு 34 சாதாரண அளவு, அக்காவுக்கு அது எல்லை. 50 வரட்டும்னு ஒக்காந்திருந்தா வந்திருக்கறது அளவா இருக்காது, வேற எதாவதா இருக்கும்.

அக்கா எதையும் தூக்கிப் போடாது, டென்மார்க் பிஸ்கட் டின்னு ஒண்ணுல மருந்துச் சீட்டு, பில்லு, பேறுகாலச் சீட்டு எல்லாம் கெடந்துச்சு. தோண்டுனா அதுக்குள்ள ரெண்டு பழைய எக்கோ, வேற எதுக்கோ ஆஸ்பத்திரி போனப்ப எடுத்தது. ஒண்ணுல குறுக்களவு 31, ஈஎஃப் 62. ரெண்டு வருஷம் கழிச்சு 34, 60. சயாமா எடுத்த புதுசுல 38, 56. தனித்தனியாப் பாத்தா மூணுமே பயமுறுத்துற நம்பர் இல்ல, ரெண்டாவது ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்த ஒரு டாக்டர் என்ன ஏதுன்னு விளக்காமலே "50 வரைக்கும் பயமில்ல"ன்னு எங்ககிட்ட சொல்லி அனுப்பியும் விட்டாரு, அத நெனச்சா இன்னும் எனக்கு வயிறு எரியும். மூணையும் வரிசையா மேசையில வச்சா கதை தெரியுது: அறை பெருசாகுது, பலம் கொறையுது. 38ஐ 1.37ஆல வகுத்தா 27க்கு மேல, கோடு எப்பவோ தாண்டியாச்சு.

அதனால பழைய ரிப்போர்ட்ட தூக்கிப் போடாதீங்க. முடிஞ்ச வரைக்கும் ஒரே எடத்துல எடுங்க, ஏன்னா அளக்கறவங்க கை மாறுனாலே ரெண்டு மூணு மில்லிமீட்டர் மாறும், கலர்ல தெரியுற ஒழுக்கு மெஷின் செட்டிங்குக்குத் தக்கன பெருசாவும் சின்னதாவும் தெரியும். எக்கோ எடுக்கும்போது பிபி எவ்வளவுன்னு அந்தக் காகிதத்துலயே எழுதச் சொல்லுங்க, பிபி ஏறியிருந்தா லீக் கூடுதலாக் காட்டும். எத்தனை நாளுக்கு ஒரு தடவைன்னா, லேசான லீக்னா 3லருந்து 5 வருஷத்துக்கு ஒண்ணு போதும், நடுத்தரம்னா ஒண்ணு ரெண்டு வருஷத்துல, கடுமையானதுன்னா ஆறு மாசத்துலருந்து ஒரு வருஷத்துக்குள்ள. லேசான லீக் வச்சுக்கிட்டே ஆயுசு பூரா நல்லா வாழ்ந்து போறவங்க நெறைய, "லீக்"ங்கற வார்த்தையப் பாத்ததும் அலற வேண்டியதில்ல.

ஏன் ஒழுகுதுங்கறதுக்கு காரணம் பல. பொறக்கும்போதே மூணு இதழுக்குப் பதிலா ரெண்டு இதழோட பொறக்கறவங்க நூத்துல ஒருத்தரு ரெண்டு பேரு இருக்காங்க, அது குடும்பத்துல ஓடும், அதனால ஒருத்தருக்கு இருந்தா கூடப் பொறந்தவங்க, புள்ளைங்க எல்லாரும் ஒரு எக்கோ எடுத்துப் பாக்கறது நல்லது. வயசாகி இதழ் சுண்ணாம்பாப் படியறது, வருஷக்கணக்கா பிபி இருந்து அயோர்ட்டா அகலமாகி கதவு நெலை விரிஞ்சு போறது, ஒரு காலத்துல சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய். நெலை விரிஞ்சிட்டா கதவு நல்லா இருந்தாலும் மூடாது, அதனால கதவோட சேத்து அயோர்ட்டா அகலத்தையும் அளப்பாங்க, தேவைப்பட்டா சிடி எடுப்பாங்க.

நம்ம மாதிரி நாட்டுல சின்ன வயசுக்காரங்களுக்கு வர்றதுல பெரிய பங்கு தொண்டை வலிலருந்து வர்ற வாதக்காய்ச்சலுக்கு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு கிருமி, புள்ளைங்க தொண்டையில வரும், தானாப் போயிடும், ஆனா ரெண்டு மூணு வாரம் கழிச்சு உடம்போட எதிர்ப்புச் சக்தி ஆளை மாத்திப் புடிச்சு சொந்த மூட்டையும் இதயத்தையும் தாக்கும். பெரும்பாலும் 5லருந்து 15 வயசுக்குள்ள, ஒரே ரூம்புல ஆறேழு பேரு படுக்கற வீட்டுல கூடுதலா. மூட்டு வலி ஒரு மூட்டுல வந்து போயி இன்னொண்ணுக்குத் தாவும். அக்காவுக்கு 11 வயசுல முட்டி வீங்கி, அது வத்துனதும் கணுக்கால் வீங்கி ஒரு மாசம் ஸ்கூல் போகல, எங்க அம்மா வேப்பெண்ணெ தடவுனாங்க, வளர்ற வயசு வலின்னு சொன்னாங்க. மூட்டு சுத்தமாச் சரியாப் போச்சு, இதயத்துல விட்டுட்டுப் போனது முப்பது வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுது. எக்கோல இதழ் ஓரமெல்லாம் தடிச்சுச் சுருண்டு, பக்கத்து மைட்ரல் வால்வும் கொஞ்சம் தடிச்சிருந்துச்சு, அந்த ஜோடியப் பாத்துத்தான் வாதக்காய்ச்சல்னு முடிவு பண்ணாங்க.

இதுக்கு பென்சத்தீன் பென்சிலின்னு ஒரு ஊசி இருக்கு, பெரியவங்களுக்கு 12 லட்சம் யூனிட், மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை இடுப்புல, திரும்ப அந்தக் காய்ச்சல் வந்து வால்வை இன்னும் கெடுக்காம இருக்க. வால்வு பாதிச்சவங்களுக்குக் கடைசிக் காய்ச்சல்லருந்து குறைஞ்சது 10 வருஷம், இல்ல 40 வயசு வரைக்கும், எது நீளமோ அது, சில பேருக்கு அதுக்கும் மேல. ஊசி வலிக்கும், பழைய ஊசி, வெலையும் கம்மி, ஆனா இந்த வியாதிக்கு இவ்வளவு உபயோகமானது வேற இல்ல.

வால்வை மருந்தால ஒட்டவைக்க முடியுமான்னு எல்லாரும் கேப்பாங்க, முடியாது. பிபி உண்மையிலேயே ஏறியிருந்தா அம்லோடிபின், எனலாப்ரில், லோசார்டன் மாதிரி குழாயத் தளத்தி விடற மருந்து குடுப்பாங்க, முன்னாடி தடை கொறைஞ்சா பின்னாடி ஒழுகறதும் கொஞ்சம் கொறையும். இதுல எனலாப்ரிலும் லோசார்டனும் புள்ள உண்டாகிறவங்களுக்கு ஆகாது. தண்ணி கோத்துக்கிட்டா நீர் மாத்திரை. உப்பு கொறைக்கச் சொல்வாங்க, இங்க அது எவ்வளவு கஷ்டம்னா ஙாப்பிங்கற மீன் விழுது இல்லாம, மீன் சாஸ் இல்லாம எங்க வீட்டுல எதுவுமே எறங்காது, ஒரு தட்டு மொஹிங்காவுலயே அன்னைக்கு உப்பு பூரா உள்ள போயிடும். நடக்கலாம், வீட்டு வேலை செய்யலாம், மூச்சைப் புடிச்சு பாரம் தூக்கறது மட்டும் வேணாம்.

திடீர்னு வர்ற லீக் தனிக்கதை, அதுல இதுவரைக்கும் சொன்னதுல பாதி பொருந்தாது. கதவுல கிருமி புடிச்சு இதழ் பிஞ்சு போறது, இல்ல அயோர்ட்டா உள்சுவரு கிழியறது, ரெண்டுலயும் அறைக்கு விரியறதுக்கு நேரமே கிடைக்காது, நுரையீரல்ல தண்ணி ஏறி மணிக்கணக்குல ஆளு மோசமாயிடும். அப்ப பிபி வித்தியாசமும் பெருசாக் காட்டாது, சத்தமும் சன்னமா இருக்கும், அதனால இன்னும் ஏமாத்தும். உடனே ஆபரேஷன் வசதி உள்ள எடத்துக்குப் போகணும், வேற வழி இல்ல.

கிருமி எங்கருந்து வருதுன்னா பல பேருக்கு வாயிலருந்து. குன்யா, அதான் வெத்தலைபாக்கு, போடற ஊரு இது, தெருவுக்கு நாலு வெத்தலைக் கடை, நம்ம ஆளுங்களும் சேந்து மெல்றாங்க, ஈறு பூரா சீழ் வச்சுத்தான் திரியறோம். வால்வு பழுதானவங்களுக்குப் பல்லு சுத்தம் அலங்காரத்துக்கு இல்ல. அதோட ஒரு வாரத்துக்கு மேல காரணம் தெரியாத காய்ச்சல் இருந்தா கடையில ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்காதீங்க, மொதல்ல ரத்தம் எடுத்து அதுல கிருமி வளருதான்னு கல்ச்சர் வைக்கணும், அதுவும் ரெண்டு மூணு தடவை. மாத்திரைய முழுங்கிட்டுப் போனா கிருமி ஒளிஞ்சுக்கும், டாக்டர் இருட்டுல தடவணும்.

அக்காவுக்கு 42 வயசுல ஆபரேஷன் மெட்ராஸ்ல நடந்துச்சு. ஏன் அங்கன்னா வியாசர்பாடில சொந்தக்காரங்க இருந்தாங்க, எங்க தாத்தாவோட தம்பி குடும்பம், அறுபதுகள்ல கப்பலேறிப் போனவங்க, அக்கா தன் கஷ்டத்தைத் தமிழ்லயே சொல்லலாம்ங்கறதும் ஒரு காரணம். நெஞ்செலும்பைத் தெறந்து, இதயத்தை நிறுத்தி, மெஷின்ல ரத்தத்தை ஓட்டிட்டு வேலை நடக்கும். இதயத்தை நிறுத்தற மருந்தை வழக்கமா அயோர்ட்டா அடில விடுவாங்க, ஆனா கதவே ஒழுகுதே, மருந்து தசைக்குப் போகாம அறைக்குள்ளதான் விழும், அதனால இதயத்தோட சொந்தக் குழாய் வாயிலயே நேரடியா விடணும், இல்ல பின்பக்க ரத்தநாளம் வழியா அனுப்பணும்னு அந்த சர்ஜன் ஒரு காகிதத்துல படம் போட்டுக் காட்டுனாரு.

இன்னொரு விஷயமும் அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், மனுஷன் உடம்புல வச்ச மொத செயற்கை வால்வே இந்த வியாதிக்குத்தான். 1952ல அமெரிக்காவுல சார்லஸ் ஹஃப்நேகல்னு ஒரு சர்ஜன், அப்ப இதயத்தை நிறுத்தி வைக்கிற மெஷின் வரல, அதனால வால்வு இருக்கற எடத்துலயே வைக்காம கீழ எறங்கற அயோர்ட்டாவுல ஒரு பிளாஸ்டிக் கூண்டும் உள்ள ஒரு பந்துமா வச்சாரு, அது அடிக்கிற சத்தம் பக்கத்துல இருக்கறவங்களுக்கே கேக்குமாம்.

இப்ப ரெண்டு வகை. உலோக வகை ஆயுசுக்கும் உழைக்கும், ஆனா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் ஆயுசு பூரா. மாட்டு இதயத்தைச் சுத்தி இருக்கற சவ்வுலயோ பன்னி வால்வுலயோ செஞ்ச திசு வகைய வார்ஃபரின் இல்லாம ஓட்டலாம், ஆனா பத்துப் பதினஞ்சு வருஷத்துல தேஞ்சு இன்னொரு ஆபரேஷன், சின்ன வயசுன்னா இன்னும் சீக்கிரம் தேயும். 50 வயசுக்குள்ளன்னா உலோகத்தைச் சொல்வாங்க, இனிமே புள்ள பெத்துக்க நெனைக்கிற பொண்ணுன்னா வார்ஃபரின் வயித்துப் புள்ளைக்கு ஆகாதுங்கறதால திசு வகைய யோசிப்பாங்க. இந்தியாவுலயே செஞ்ச சித்ரா வால்வு ஒண்ணு இருக்கு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துல டாக்டர் வலியத்தான் குழு உருவாக்குனது, 1990லருந்து வைக்கிறாங்க, வெளிநாட்டு வால்வை விட வெலை ரொம்பக் கம்மி. சில பேருக்கு வால்வை மாத்தாம ரிப்பேரே பண்ணலாம், இதழ் நல்லா இருந்து நெலை மட்டும் விரிஞ்சிருந்தா அது நல்ல வழி, வாதக்காய்ச்சல்ல சுருண்ட இதழுக்கு அது அவ்வளவா நிக்காது. தொடை வழியா வயரு விட்டு வைக்கிற வால்வு பத்தி எல்லாரும் கேக்குறாங்க, அது சுண்ணாம்பு படிஞ்சு அடைச்ச வால்வுக்கு வந்தது, அந்தச் சுண்ணாம்பைப் புடிச்சுத்தான் நிக்கும், ஒழுகுற வால்வுல பல பேருக்கு புடிக்க எதுவும் இருக்காது. ஒழுக்குக்குன்னே செஞ்சது ஒண்ணு 2021ல ஐரோப்பாவுல அனுமதி வாங்கியிருக்கு, எங்க ஊருக்கு வர்றப்ப பாப்போம்.

எந்த வகைன்னு முடிவு பண்றதுல வயசை விட நீங்க எங்க இருக்கீங்கங்கறது பெருசுன்னு நான் நெனைக்கிறேன். வார்ஃபரின் போட்டா ஐஎன்ஆர்னு ஒரு ரத்த டெஸ்ட் அடிக்கடி எடுக்கணும், அயோர்ட்டிக் எடத்துல உலோக வால்வுன்னா பொதுவா 2க்கும் 3க்கும் நடுவுல நிக்கணும், கொறைஞ்சா வால்வுல ரத்தக்கட்டி, கூடுனா ரத்தப்போக்கு. நாங்க ரங்கூன் டவுன்ல இருக்கோம், டெஸ்ட் எடுக்க முடியும், அதனால அக்காவுக்கு உலோகம்தான். டெல்டாப் பக்கம் படகுல போய் வர்ற கிராமத்துல இருக்கற ஆளுக்கு அதே உலோக வால்வு வச்சு அனுப்புனா, டெஸ்ட்டுக்கு அவரு எங்க போவாரு? புதுசா வந்த, டெஸ்ட் தேவைப்படாத உறைவு மாத்திரை இந்த வால்வுக்கு ஆகாது, கடைக்காரர் மாத்திக் குடுத்தா வாங்காதீங்க.

சாப்பாட்டுல கீரைய நிறுத்தச் சொல்லி அக்காவ ஒருத்தரு பயமுறுத்திட்டாரு. நிறுத்த வேணாம், அளவு மாறாம இருந்தாப் போதும். வல்லாரை சாலடும் புளிச்சக்கீரையும் லப்பெத்துங்கற தேயிலை ஊறுகாயும் இல்லாம இந்த ஊருல எப்புடி இருக்கறது, வாரத்துக்கு எத்தனை தடவையோ அதே தடவை, ஒரு வாரம் ஒண்ணுமில்லாம அடுத்த வாரம் வெட்டு வெட்டுனு வெட்டறதுதான் ஐஎன்ஆரைக் கலைக்கும். அதோட வலி மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக், நாட்டு மருந்துப் பொடி, இதெல்லாம் கேட்டுட்டுத்தான். பல்லு புடுங்கப் போனா செயற்கை வால்வு இருக்குன்னு மொதல்லயே சொல்லணும், அரை மணிலருந்து ஒரு மணி நேரம் முன்னாடி அமாக்சிசிலின் 2 கிராம் குடுப்பாங்க. வால்வை மாத்திட்டதால பென்சிலின் ஊசி நிக்காது, மைட்ரல் இன்னும் சொந்தமானதுதானே, இது பல பேருக்குத் தெரியாம ஊசிய விட்டுடறாங்க.

ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் கழிச்சு எடுத்த எக்கோவும் அந்த பிஸ்கட் டின்னுலதான் இருக்கு, குறுக்களவு 32, ஈஎஃப் 60, பிபி 124க்கு 76. மார்க்கெட்டுக்குத் திரும்பப் போகுது, மூணாவது மாடில நின்னு மூச்சு விட்டுட்டு ஏறுது, கயித்தையும் விடல, பழகிப்போச்சுங்குது. ராத்திரி கரண்ட் போயி ஃபேன் நின்னதும் கொசுவலைக்குள்ள இருந்து டிக் டிக்னு சன்னமா ஒரு சத்தம் வரும். மொத மாசம் அதுக்குத் தூக்கமே வரல, "டேய், நெஞ்சுக்குள்ள கடிகாரத்தை வச்சுத் தச்சுட்டாங்கடா"ன்னு அழுவும். இப்ப அது தூங்கிடுது, பக்கத்துல படுத்திருக்கற சின்னவதான் முழிச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டுக் கெடப்பா, நேத்து 200 வரைக்கும் எண்ணுனாளாம்.